அந்த ஆட்டத்தை நேரில் பார்த்துவிட்டேன், என்ன செய்வது?

கேள்வி: நான் டெக்சஸில் வசிக்கிறேன். முதுகலை படித்தது ஃபோர்ட் வொர்த்தில் உள்ள டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில். டி.சி.யு. என்பார்கள். ஊரை விட்டு வந்த புதிதில் இங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. சனிக்கிழமைகளில் ஊதா நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேடியத்தில் போய் உட்காரும்போதுதான், நானும் இந்த ஊர்க்காரன் என்று தோன்றும். 2022 சீசனில் எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணி தேசிய இறுதி ஆட்டத்துக்குப் போனது. மனைவியையும் பதினொரு வயது மகனையும் அழைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் போனேன். விமானம், ஹோட்டல், டிக்கெட் என்று செலவான பணத்தில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம். ஜார்ஜியா பல்கலைக்கழக அணியிடம் 65-7 என்று தோற்றோம்.

நான்கு பகுதிகளில் மூன்றாவது பகுதி ஆட்டத்தில் நான் "கிளம்பலாம்" என்றேன். மகன், "ஓக்லஹோமா ஸ்டேட் ஆட்டத்தில் திரும்பி வந்தோமே அப்பா, இன்றும் வருவோம்" என்றான். "இது வராது" என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முன் வரிசையில் இருந்த ஜார்ஜியா ரசிகர் ஒருவர் திரும்பிப் பார்த்து, மகனின் தோளில் தட்டிக்கொடுத்துத் தன் பாப்கார்னை நீட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன்பிறகு நான் ஸ்டேடியத்துக்குப் போகவில்லை. ஆட்டங்களைப் பதிவு செய்து வைப்பேன். ஜெயித்தது தெரிந்தால் பார்ப்பேன், தோற்றால் அழித்துவிடுவேன். அலுவலகத்தில் யாராவது "அறுபத்தைந்துக்கு ஏழு" என்றால் இன்றும் முகம் சிவக்கிறது. இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் மகன், உள்ளூர் ஆட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போகச் சொல்கிறான். மனைவி, "வெறும் விளையாட்டுக்கு இவ்வளவா?" என்கிறாள். எனக்கு ஏதாவது மனநோயா? பாதியில் கிளம்பியது தவறா? இனி நேரில் போகலாமா?

பெயர் வேண்டாம், டெக்சஸ்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நோய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், குடும்பத்தோடு இருக்கிறீர்கள், வருத்தத்தையும் கோவையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் புண் ஆறாமல் இருப்பதற்கு நீங்களே ஒரு காரியம் செய்துவருகிறீர்கள். அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

"வெறும் விளையாட்டு" என்ற ஆறுதல் எனக்குப் பிடிக்காது. யாருக்கும் அது ஆறுதலாக இருந்ததாகவும் தெரியவில்லை. இன்னொரு வகை ஆறுதலும் உண்டு: 1916இல் ஜார்ஜியா டெக்கிடம் கம்பர்லாந்து கல்லூரி 222-0 என்று தோற்ற கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். நூறு வருடத்துக்கு முன் எவனோ அதிகமாக அடிபட்டான் என்பதால் இன்று நம் முதுகு வலிக்காமல் போய்விடாது.

அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமில்லாத வாசகர்களுக்காக அந்த சீசனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவரது அணி 2021இல் ஐந்து ஆட்டம் வென்று ஏழு தோற்ற அணி. 2022 சீசன் தொடங்கும் முன், பத்து அணிகள் கொண்ட தங்கள் பிரிவில் ஏழாவது இடம்தான் வரும் என்று பத்திரிகையாளர்கள் கணித்திருந்தார்கள். சன்னி டைக்ஸ் என்ற பயிற்சியாளருக்கு அங்கே அது முதல் ஆண்டு. அந்த அணி வரிசையாகப் பன்னிரண்டு ஆட்டங்களை வென்றது, அதுவும் சாதாரணமாக அல்ல. ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 24-7 என்று பின்தங்கி, இரண்டு கூடுதல் நேர ஆட்டங்களுக்குப் பிறகு 43-40 என்று வென்றது. அடுத்த வாரமே கேன்சஸ் ஸ்டேட்டிடம் 28-10 என்று கிடந்து 38-28 என்று எழுந்தது. பேய்லர் பல்கலைக்கழகத்துடன் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதைப்பவரை ஓடோடி உள்ளே அனுப்பி, கடைசி நொடி உதையில் 29-28 என்று தப்பியது. பிரிவின் இறுதியில் கேன்சஸ் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் தோற்றாலும், டிசம்பர் 31 அன்று மிச்சிகனை 51-45 என்று வீழ்த்தி தேசிய இறுதிக்குப் போய்விட்டது. அந்தக் கல்லூரி அதற்கு முன் தேசிய சாம்பியன் ஆனது 1938இல்.

இப்போது உங்கள் மகனின் பேச்சைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பதினொரு வயதுப் பிள்ளை, அந்த ஆண்டின் இலையுதிர்காலம் முழுக்க ஒரே பாடத்தைப் படித்திருக்கிறான்: நம் அணி பின்தங்கும், பிறகு வரும். இடைவேளையில் 38-7 என்று பலகை காட்டியபோதும் அவன் நம்பியது பிஞ்சு மனத்தின் அறியாமையால் அல்ல. கண்ணால் கண்ட சாட்சியத்தை வைத்துத்தான் நம்பினான். நீங்களும் நம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் பகுதியில் உங்கள் குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்தும் வீரர்) மேக்ஸ் டக்கன் தானே பந்தோடு ஓடிப் புள்ளி எடுத்து 10-7 ஆக்கியபோது, இதோ ஆரம்பித்துவிட்டது என்று உங்கள் வரிசை முழுவதும் எழுந்து நின்றிருக்கும். அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட வரவில்லை.

நூலிழையில் தோற்பது வேறு, இப்படித் தோற்பது வேறு. பேய்லர் ஆட்டத்தில் அந்த உதை தவறியிருந்தால், நீங்கள் இன்றைக்கும் அந்த ஓர் உதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். காற்று, நேரம், நடுவர் என்று ஏதாவது ஒன்றின்மேல் பழியைப் போட்டிருப்பீர்கள். மனத்துக்கு வருத்தத்தைக் கட்டிப்போட ஒரு முளைக்குச்சி கிடைத்திருக்கும். 65-7இல் குச்சியே இல்லை. ஜார்ஜியா முதல் பாதியில் பந்து கையில் கிடைத்த ஆறு முறையும் புள்ளி எடுத்தது. மொத்தத்தில் அவர்கள் 589 கெஜம் முன்னேறினார்கள், உங்கள் அணி 188. எந்த இடத்தைத் திருத்தியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று கேட்டால் பதில் கிடையாது. அப்படிப் பதில் இல்லாதபோது "அதைச் செய்யாமல் போனோமே" என்ற வருத்தம் "நாம் இவ்வளவுதானா" என்ற கூச்சமாக மாறிவிடுகிறது. உங்கள் கடிதத்தில் "கவலை", "ஏமாற்றம்" ஆகிய சொற்கள் ஓரிடத்திலும் இல்லை. முகம் சிவக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

அதையும் நேரில் பார்த்தீர்கள். வீட்டில் இருந்திருந்தால் மூன்றாவது பகுதியில் டிவியை அணைத்துவிட்டுத் தோசைக்குக் கல்லைப் போட்டிருக்கலாம். ஸ்டேடியத்தில் அணைக்கும் பொத்தான் கிடையாது. வீட்டிலிருப்பவருக்கு விளம்பரம் ஓடும் நேரத்தில், ஸ்டேடியத்தில் இருப்பவர் வீரர்கள் இடுப்பில் கைவைத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு பலகையின் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். எதிரணியின் வாத்தியக் குழு ஒவ்வொரு முறையும் அதே பாட்டை வாசிக்கும். நான்காவது பகுதியில் ஜார்ஜியா பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, தன் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னெட்டைக் கைதட்டலோடு வெளியே அழைத்துக்கொண்டார். இன்னும் பதின்மூன்று நிமிட ஆட்டம் பாக்கி இருக்கும்போதே நடந்த பாராட்டு விழா அது. அதைப் பார்க்காமல் கிளம்பிவிட்டீர்கள், ஒருவகையில் தப்பித்தீர்கள்.

அந்தப் பாப்கார்ன் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அவர் கேலி செய்திருந்தால் நீங்கள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பீர்கள், ஊருக்குத் திரும்பி அதையே வீரக்கதையாகச் சொல்லியிருப்பீர்கள். அவர் இரக்கப்பட்டார். கேலி செய்கிறவன் இன்னும் நம்மை எதிரியாக மதிக்கிறான். இரக்கப்படுகிறவனுக்கு நாம் போட்டியிலேயே இல்லை. அதிலும் அந்த இரக்கம் உங்கள் பிள்ளையின் தோளில், உங்கள் கண்ணெதிரே வந்து விழுந்தது. பிள்ளைக்கு ஆறுதல் சொல்லும் வேலை அப்பாவுடையது, அதை அந்நியர் ஒருவர் செய்துவிட்டார். சிவந்த முகத்துக்குப் பாதிக் காரணம் இது என்று நான் நினைக்கிறேன். ஸ்கோருக்கு அதில் பங்கு குறைவு.

ஆனால் அவர் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தங்கள் மைதானத்துக்கு வந்து வென்ற அணிக்கும் எழுந்து நின்று கைதட்டி அனுப்புவது நெப்ராஸ்கா என்ற வேறொரு பல்கலைக்கழக அணியின் ரசிகர்களுக்கு நெடுநாள் வழக்கம். லிங்கன் நகரில் உள்ள அந்த மைதானத்தில் 1962 முதல் ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றுத் தீர்கிறது. 2017இல் அதே மைதானத்தில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 56-14 என்று வாங்கிய பிறகும் அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் வந்தது. அடிபட்டுத் தெரிந்தவர்களுக்கு எதிர்வரிசைப் பிள்ளையின் முகம் கண்ணில் படும். அந்த ஜார்ஜியா ரசிகரும் ஏதோ ஒரு ஊரில் அடிவாங்கிவிட்டு வந்தவராக இருக்கலாம். பாப்கார்னை அவமானக் கணக்கில் எழுதியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ராபர்ட் சியால்டீனி என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழு பல்கலைக்கழகங்களில், ஃபுட்பால் ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மாணவர்கள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று கவனித்தார்கள். ஜெயித்த வாரங்களில் கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் கூடின. தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, ஜெயித்தால் "நாம்" என்றும் தோற்றால் "அவர்கள்" என்றும் பேசும் போக்கு தெரிந்தது. வெற்றியில் பங்கு கேட்பதும் தோல்வியில் கைகழுவுவதும் மனித இயல்பு. உங்கள் கடிதத்திலும் அப்படி எங்காவது கைகழுவியிருக்கிறீர்களா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. "தோற்றோம்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். முதலில் விட்டுப் போகிறவர் கூட்டத்தில் நீங்கள் இல்லை, அதனால்தான் இவ்வளவு வலி. தெரியாத ஊரில் உங்களை ஊர்க்காரனாக ஆக்கிய ஒன்று அடிபடும்போது உங்களுக்கும் அடிபடத்தான் செய்யும். ரசிகர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டேனியல் வான் என்ற பேராசிரியர், உள்ளூர் அணியோடு ஒட்டிக்கொண்டவர்களிடம் தனிமை குறைவாக இருப்பதைத் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார். நீங்கள் அனுபவித்ததும் அதைத்தானே!

எட்வர்ட் ஹர்ட் குழுவின் 1992ஆம் ஆண்டு ஆய்வையும் இங்கே சொல்லலாம். தீவிர ரசிகர்களைத் தங்கள் கல்லூரி அணியின் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்கவைத்து, பிறகு சில சின்னச் சின்ன வேலைகளில் நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார்கள். அணி தோற்றிருந்தால், அந்த ரசிகர்கள் தங்கள் திறமையையே குறைத்து மதிப்பிட்டார்கள். ஆட்டத்தில் அவர்கள் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை! அலுவலகத்தில் "அறுபத்தைந்துக்கு ஏழு" என்று ஒருவர் சொன்னதும் உங்கள் நாக்கு ஒட்டிக்கொள்வதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அடுத்த முறை ஒரு தகவல் சொல்லிப் பாருங்கள். பருவ இறுதிக் கிண்ண ஆட்டங்களின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம் என்ற அந்தச் சாதனை ஓராண்டுகூட உங்களிடம் தங்கவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று, அதே ஜார்ஜியா ஃபுளோரிடா ஸ்டேட்டை 63-3 என்று நொறுக்கி அதைப் பறித்துக்கொடுத்துவிட்டது. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, மதிய உணவு நேரத்தில் வாயடைக்கப் பயன்படும்.

இனி அந்தக் காரியம். ஆட்டத்தைப் பதிவு செய்து, ஜெயித்தால் பார்ப்பது, தோற்றால் அழிப்பது. இது பாதுகாப்பாகத் தெரியும். உண்மையில், ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் ஒரு சின்ன நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான், "நல்லவேளை, பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாய்" என்று உங்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பயத்தைப் பற்றி நாங்கள் தொழிலில் தினமும் பார்ப்பது இது: விலகிப்போனால் பயம் குறைவதில்லை, பசியாறிக் கொழுக்கிறது. 2023இல் உங்கள் அணி மறுபடி ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்று சரிந்தது. அந்தத் தோல்விகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை, மூன்று நாளில் மறந்துபோகும் ரகம். அவற்றில் ஒன்றையும் நீங்கள் பார்க்கவில்லை. அதனால் உங்கள் நினைவில் தோல்வி என்றால் இன்றைக்கும் அந்த 65-7 மட்டும்தான்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமோத்தி வில்சன், டேனியல் கில்பெர்ட் குழுவினர் ஃபுட்பால் ரசிகர்களிடமே ஒன்றைச் சோதித்து 2000இல் எழுதினார்கள். ஆட்ட முடிவு தங்கள் மனநிலையை எத்தனை நாள் பாதிக்கும் என்பதை ரசிகர்கள் மிகையாகவே கணிக்கிறார்கள். அந்த நாட்களில் வேறு என்னென்ன செய்யப்போகிறோம் என்று முதலில் எழுதவைத்தால் கணிப்பு நிதானத்துக்கு வருகிறது. இதை அப்படியே கடன் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன், ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ன வேலை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மளிகை, மகனின் கணக்குத் தேர்வு, ஊருக்குத் தொலைபேசி, எதுவானாலும். பிறகு அந்த ஆட்டத்தை வீட்டில் நேரலையாக, முடிவு தெரியாமல், மகனோடு கடைசிவரை பாருங்கள். ஒன்றிரண்டு ஆட்டம் இப்படிப் போகட்டும். அதில் ஒரு தோல்வி வந்தால் நல்லது என்றே சொல்வேன்.

அடுத்தது ஸ்டேடியம். கண்டிப்பாகப் போங்கள். ஆனால் இங்கே என் சகாக்கள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. எளிதானதில் தொடங்கு என்பார்கள். செப்டம்பரில் ஏதாவது ஒரு சிறிய கல்லூரியை அழைத்துவந்து ஆடுவார்களே, அந்த ஆட்டத்துக்குப் போகச் சொல்வார்கள். வேண்டாம். 2024இல் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தை 45-0 என்று அடித்தார்கள். அங்கே நீங்கள் உட்கார்ந்திருந்தால், எதிர்ப்பக்கத்தில் உங்களைப் போலவே பிள்ளையோடு பறந்து வந்த ஒருவரைப் பார்த்துத் தலைகுனிவதைத் தவிர வேறு வேலை இருந்திருக்காது. ஜெயிப்பது நிச்சயமான ஆட்டத்துக்குப் போவதும், பதிவு செய்து வெற்றியை மட்டும் பார்ப்பதும் ஒன்றுதான். தோற்கவும் வாய்ப்புள்ள ஓர் ஆட்டத்துக்கு, சொந்தப் பிரிவின் அணி ஒன்று வரும் நாளில், போங்கள்.

பாதியில் கிளம்பியது தவறா? மூன்றாம் பகுதி முடிவில் பலகை 52-7. அப்போது "இது வராது" என்றது பொய்யல்ல, துரோகமும் அல்ல. நானாக இருந்தால் இருந்திருப்பேன், ஆனால் அது என் பிடிவாதம், அதற்கு ஒழுக்கநெறி என்று பெயர் வைக்க மாட்டேன். உங்களை உறுத்துவது கிளம்பியது அல்ல என்று ஊகிக்கிறேன். மகன் நம்பிக்கொண்டிருந்தபோது முடிவை நீங்கள் ஒருவரே எடுத்தீர்கள், அன்றிலிருந்து அதைப் பற்றி அவனிடம் பேசவும் இல்லை. கடிதத்தில் அவன் பின்னால் என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை. கேளுங்கள். "அன்றைக்கு உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நடுவில் விளக்கம் சொல்லாமல் இருங்கள். அவன் ஞாபகத்தில் விமானத்தின் ஜன்னல் இருக்கையும் பாப்கார்னும் முன்னால் நிற்கலாம், ஸ்கோர் பின்னால் இருக்கலாம். உங்கள் ஞாபகம் அவனுடையது என்று வைத்துக்கொண்டு இத்தனை நாள் அவனுக்கும் சேர்த்து வெட்கப்பட்டிருக்கிறீர்கள். மறுபடி போகலாம் என்று அழைப்பது அவன்தானே? புதிதாகப் போகும் நாளில் எப்போது கிளம்புவது என்பதை உள்ளே நுழையும் முன்பே இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள், அவன் சொல்லும் நேரத்துக்கும் மதிப்புக் கொடுங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றிச் சுருக்கமாக. "வெறும் விளையாட்டு" என்பதற்குள் அந்தப் பழைய கார் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மொத்தம் எவ்வளவு செலவானது என்று அவரிடம் முழுத்தொகையாகச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும், இது உங்களைவிட மற்ற வாசகர்களுக்கு. டேவிட் கார்ட், கார்டன் டால் என்ற பொருளாதார அறிஞர்கள் தொழில்முறை ஃபுட்பாலை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், வெல்லும் என்று எதிர்பார்த்த உள்ளூர் அணி தோற்ற நாட்களில் ஆண்கள் வீட்டுப் பெண்கள்மேல் கைவைக்கும் புகார்கள் 10 சதவீதம் கூடியதைக் காட்டினார்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வாடையும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் யாராவது, அணி தோற்ற இரவில் வீட்டில் குரலையோ கையையோ உயர்த்துகிறவராக இருந்தால், அவர் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே ஓர் ஆலோசகரிடம் போகட்டும்.

நீங்களும் ஆலோசகரைப் பார்க்க வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முந்தைய இரவுகளில் தூக்கம் கெட்டால், நெஞ்சு படபடத்தால், வேறு கூட்டங்களுக்குப் போவதையும் தவிர்க்கத் தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள்.

ஊதாச் சட்டையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எடுத்துத் துவைத்துப் போடுங்கள். டிக்கெட் வாங்கும்போது மேற்குப் பக்க இருக்கையாகப் பாருங்கள், ஃபோர்ட் வொர்த்தில் செப்டம்பர் மாலை வெயில் கிழக்குப் பக்கத்தில் நேரே முகத்தில் அடிக்கும். எந்த ஆட்டம் என்பதை மகனிடம் விட்டுவிடுங்கள். மனைவிக்கும் சேர்த்து மூன்றாக வாங்குவதா என்பதை மட்டும் அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.